பவளப்பாறை ஏறிய முதலை

1928 செப்டம்பரில் வீசிய சூறாவளியில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஒகீசோபி ஏரியின் மண்கரை உடைந்தது. குறைந்தது 2,500 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் காய்கறித் தோட்டங்களில் கூலிவேலை பார்த்த கறுப்பின மக்கள். அந்த ஏரிக்குத் தெற்கே எவர்கிளேட்ஸ் என்ற சதுப்பு நிலம் கடல்வரை நீள்கிறது. அங்கே வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. படகில் போனால் கொஞ்ச தூரத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். லாரியில் போனால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். நீர் என்றும் சொல்ல முடியாது, நிலம் என்றும் சொல்ல முடியாது. அப்படி ஒரு பூமி.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, பசிபிக் பெருங்கடலின் நடுவே ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இதே சிக்கலில் போய் மாட்டினார்கள். அங்கே சேற்றுக்குப் பதில் பவளப்பாறை, புயலுக்குப் பதில் இயந்திரத் துப்பாக்கி. அவர்களில் முன்வரிசைக்காரர்களைக் கரைசேர்த்தது ஃபுளோரிடாச் சதுப்புக்காகப் பிறந்த ஒரு வண்டி.

அதைச் செய்தவர் டொனால்ட் ரோப்ளிங். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு வரைபடம் போட்ட ஜான் ரோப்ளிங் இவருடைய கொள்ளுத்தாத்தா. அதைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்ளிங் தாத்தா. காசுக்குப் பஞ்சமில்லாத குடும்பம். ஃபுளோரிடாவில் வீடு வைத்திருந்த அப்பா, படகு தரைதட்டும் இடத்துக்கும் கார் மூழ்கும் இடத்துக்கும் நடுவில் ஓடக்கூடிய ஒன்றைச் செய்துகாட்டு என்று மகனிடம் சொன்னார். கிளியர்வாட்டர் நகரில் தன் பங்களா வளாகத்திலேயே பட்டறை போட்டு, 1935-இல் மகன் முதல் வண்டியை ஓட்டிக்காட்டினார். பெயர் 'அலிகேட்டர்', அதாவது அந்தச் சதுப்பில் கிடக்கிற முதலை.

அலுமினியத் தகட்டில் செய்த, மேலே திறந்த ஒரு பெட்டி. இரண்டு பக்கமும் டாங்கிக்கு இருப்பதைப் போன்ற சங்கிலித் தடம். சங்கிலியின் குறுக்கே வரிசையாகப் பட்டைகள். சேற்றில் அந்தப் பட்டைகள் கால். தண்ணீரில் அவையே துடுப்பு. தள்ளுவிசிறி கிடையாது, சுக்கானும் கிடையாது. வலப்பக்கச் சங்கிலியை நிறுத்திவிட்டு இடப்பக்கத்தை ஓட்டினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். வண்டி புத்திசாலித்தனமானதுதான், ஆனால் முதல் பிரதி தண்ணீரில் மணிக்கு நான்கு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. கரையில் ஒருவர் நடந்தே அதை முந்திவிடலாம். ரோப்ளிங் சளைக்கவில்லை. எடையைக் குறைத்தார், சங்கிலியை மாற்றினார், பட்டைகளைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். 1937-இல் எடை ஆறரை டன்னிலிருந்து நான்கு டன்னாக இறங்கியிருந்தது. தண்ணீரில் வேகம் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டரை நெருங்கியிருந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் 'லைஃப்' பத்திரிகை இந்த வண்டியின் படங்களைப் போட்டது. பசிபிக் கரையில் இருந்த கால்ஃபஸ் என்ற கடற்படைத் தளபதி அந்தப் பக்கத்தை ஒரு விருந்தில், கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரீன் படையின் தளபதி லூயி லிட்டிலிடம் காட்டினார். லிட்டில் அதைத் தன் தலைமைக்கு அனுப்பிவைத்தார். ஒரு வாரப் பத்திரிகைப் படம் போர்க்கருவியாக மாறிய கதை இப்படித்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டே மரீன் படையிலிருந்து ஒரு மேஜர் கிளியர்வாட்டருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். கடற்படை உடனே பணம் தரவில்லை. ரோப்ளிங்குக்கும் தன் மீட்பு வண்டியைப் போருக்குக் கொடுப்பதில் பெரிய ஆர்வம் இல்லை. ஐரோப்பாவில் போர் மூண்ட பிறகுதான் இரண்டு தரப்பும் இறங்கிவந்தன.

சதுப்பு வண்டிமேல் மரீன்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? அதற்குப் பசிபிக் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

பசிபிக்கின் பரப்பு சுமார் 16.5 கோடி சதுர கிலோமீட்டர். உலகத்து நிலம் மொத்தத்தையும் அதற்குள் போட்டாலும் இடம் மிஞ்சும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாய்க்கு 3,800 கிலோமீட்டருக்கும் மேல். ஹவாயிலிருந்து தென்மேற்கே கில்பர்ட் தீவுகளுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு அத்தனை தூரம். அன்றைய குண்டுவீச்சு விமானம் இந்தத் தொலைவைப் போய்வர முடியாது. கப்பலுக்கு எண்ணெய் வேண்டும், பழுதுபார்க்கும் இடம் வேண்டும். ஆகவே ஒரு தீவின் மதிப்பு அதன் மக்கள்தொகையிலோ விளைச்சலிலோ இல்லை. ஓடுதளம் போடும் அளவுக்குச் சமதரை இருக்கிறதா, கப்பல்கள் நிற்க அலையில்லாத தண்ணீர் இருக்கிறதா, அடுத்த தீவு விமானம் எட்டும் தொலைவில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளில் இருந்தது. இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் சொல்லும் தீவுகளைக் கோடு போட்டு இணைத்தால், போர் எந்த வழியாகப் போகும் என்பது 1941-க்கு வெகுமுன்பே தெரிந்துவிடும்.

தெரிந்தும் இருந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மனியிடமிருந்து மார்ஷல், கரோலின், மரியானா தீவுக்கூட்டங்களை ஜப்பான் எடுத்துக்கொண்டது. மரியானாவில் குவாம் மட்டும் அமெரிக்காவிடம் இருந்தது. 1921-இல் எர்ல் எல்லிஸ் என்ற மரீன் அதிகாரி, இந்தத் தீவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டிவரும் என்று விரிவான திட்டமே எழுதிவைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, வியாபாரி என்று சொல்லிக்கொண்டு அந்தத் தீவுகளை வேவுபார்க்கப் போனவர் பலாவில் செத்துப்போனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று பல காலம் பேச்சு இருந்தது. மனிதர் மொடாக்குடியர் என்பதை நினைத்துப் பார்த்தால் ஜப்பானியர் சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை.

எல்லிஸின் வழியில் ஒரு தடை இருந்தது. மத்தியப் பசிபிக்கின் தீவுகளில் பல, பவளம் கட்டிய வட்டத் தீவுகள். சார்லஸ் டார்வின் 1842-இல் இவற்றின் பிறப்பை விளக்கினார். கடலில் எழும்பிய எரிமலை மெல்ல அமிழ்கிறது. அதைச் சுற்றி வளர்ந்த பவளம் வெளிச்சத்தை விடாமல் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. மலை மறைந்த பிறகு பவள வளையமும் நடுவில் ஒரு காயலும் மிஞ்சுகின்றன. (டார்வின் சொன்னது சரி என்று உறுதியானது 1952-இல். எனிவெடாக் தீவில் துளைபோட்டவர்கள் 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறையைத் தொட்டார்கள். துளை போட்டது அணுகுண்டு சோதனைக்கான ஆய்வை ஒட்டி என்பது வேறு விஷயம்.) கப்பற்படைக்கு இந்தக் காயல் வரப்பிரசாதம், எத்தனை கப்பலையும் உள்ளே நிறுத்தலாம். கரையிறங்கும் சிப்பாய்க்கு அந்த வளையம் சாபம். கரையிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கு மேலும் கடலுக்கு அடியில் ஒரு திண்ணைபோல் பாறை நீண்டிருக்கும். அதன்மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை நிலா தீர்மானிக்கும்.

அமெரிக்கர்கள் கரையிறங்கப் பயன்படுத்திய ஹிக்கின்ஸ் படகும் ஒரு சதுப்பு நிலத்துப் பிள்ளைதான். லூசியானாவின் உப்பங்கழிகளில் எண்ணெய் தேடுபவர்களுக்கும் கண்ணிவைத்து வேட்டையாடுபவர்களுக்கும் நியூ ஆர்லியன்ஸ்காரர் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் கட்டிக்கொடுத்த தட்டைப் படகின் வழிவந்தது. மணல் கரையில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் முழுப் பாரத்தோடு மிதக்க அதற்கு நாலடித் தண்ணீர் வேண்டும். பவளத் திண்ணைமேல் நாலடி இல்லையென்றால் படகு அங்கேயே நிற்கும்.

ரோப்ளிங்கின் முதலை இங்கேதான் தேவைப்பட்டது. அலுமினியம் எஃகானது. பழத்தோட்ட இயந்திரங்களும் பூச்சிமருந்துத் தெளிப்பான்களும் செய்துவந்த ஃபுட் மெஷினரி நிறுவனம், கிளியர்வாட்டருக்கு அடுத்திருந்த டனீடன் ஊரில் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. 1941 ஜூலையில் முதல் எஃகு வண்டி ஆலையை விட்டு வெளியே வந்தது. சிப்பாய்கள் அதை 'ஆம்டிராக்' என்று கூப்பிட்டார்கள். நீளம் ஆறரை மீட்டர், இருபது பேர் நெருக்கி நிற்கலாம். பின்னால் கதவு இல்லை. இறங்க வேண்டுமானால் பக்கச் சுவரில் ஏறிக் குதிக்க வேண்டும். இந்த வடிவமைப்பின் விலை என்ன என்பது பிறகு தெரிந்தது.

1942 ஆகஸ்டில் சாலமன் தீவுகளின் குவாடல்கனாலில் ஆம்டிராக்குகள் முதன்முதலாகப் போருக்குப் போயின. ஆனால் யாரும் அவற்றைப் போர்வண்டியாக நினைக்கவில்லை. மூட்டை தூக்கின, காயம்பட்டவர்களைக் கொண்டுபோயின. ஒரு ஓடையில் வண்டியை நிறுத்தி அதன்மேல் பலகை போட்டுப் பாலமாக்கியதும் உண்டு. சாலமன் தீவுகள் காடடர்ந்த பெரிய தீவுகள். அங்கே எதிரி, மழை, மலேரியா எல்லாம் தண்ணீரைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும். முதலைக்கு அங்கே வேலை குறைவு.

அதன் பரீட்சை 1943 நவம்பர் 20-ஆம் தேதி வந்தது. இடம் கில்பர்ட் தீவுகளில் டாரவா என்ற வட்டத்தீவு. அதன் தென்மேற்கு முனையில் பேசியோ என்ற துண்டு. மூன்று கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில்கூட முக்கால் கிலோமீட்டர்தான் இருக்கும். நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நெடுக்காகக் கடந்துவிடலாம். ஆனால் நடுவில் ஓடுதளம் இருந்தது. மார்ஷல் தீவுகளைப் படம்பிடிக்கவும் தாக்கவும் அமெரிக்காவுக்கு அந்த ஓடுதளம் வேண்டும். கெய்ஜி ஷிபாசாகி தலைமையில் சுமார் 4,500 ஜப்பானியரும் கொரியக் கூலிகளும் அந்தத் துண்டு நிலத்தைத் தென்னந்தடிகளாலும் கான்கிரீட்டாலும் கோட்டையாக்கியிருந்தார்கள். பலமான காவலெல்லாம் திறந்த கடலைப் பார்த்த தெற்கு, மேற்குக் கரைகளில். காயலைப் பார்த்த வடக்குக் கரைக்குப் பவளத்திண்ணை காவல் இருக்கிறது என்ற நம்பிக்கை அவர்களுக்கு.

அமெரிக்கர்கள் வடக்கேதான் வந்தார்கள். திண்ணைமேல் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று அந்தக் கடலை அறிந்தவர்களைக் கேட்டார்கள். தீவுகளுக்கிடையே கப்பல் ஓட்டியவர்கள் பலர் ஐந்தடி இருக்கும் என்றார்கள். டாரவாவிலேயே பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த மேஜர் ஃபிராங்க் ஹாலண்ட், மூன்றடிகூட இருக்காது என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறுவதுபோல் அஷ்டமியில் ஏறாது. நவம்பர் 20 தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள். போதாக்குறைக்கு நிலா அன்று பூமியை விட்டு மிகத் தொலைவில் இருக்கும் புள்ளியை நெருங்கியிருந்தது. இந்த இரண்டாவது சங்கதியை டொனால்ட் ஓல்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1987-இல்தான் கணக்குப் போட்டு வெளியிட்டார். ஆனால் முதலாவது சங்கதி எந்தச் செம்படவனுக்கும் தெரிந்தது. ஒரு வாரம் தள்ளிப் போட்டால் அமாவாசை. தள்ளிப்போட முடியாது, மார்ஷல் தீவுத் தாக்குதலுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார்கள் மேலே இருந்தவர்கள். படகுகள் திண்ணையைத் தாண்டுமா என்பதை ஐம்பதுக்கு ஐம்பது என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் தளபதிகள் கிளம்பினார்கள்.

அதனால்தான் ஆம்டிராக் வேண்டும் என்று மரீன் தளபதி ஹாலண்ட் ஸ்மித் ஒற்றைக்காலில் நின்றார். (திண்ணையைப் பற்றி எச்சரித்த ஹாலண்ட் வேறு, இவர் வேறு.) இரண்டாம் மரீன் டிவிஷனிடம் குவாடல்கனாலில் அடிபட்டுத் தேய்ந்த 75 பழைய வண்டிகள் இருந்தன. நியூசிலாந்தின் வெலிங்டனில் கொதிகலன் தகடு தேடிப்பிடித்து அவற்றின் முகப்பில் பொருத்தினார்கள். சான் டியேகோவிலிருந்து 50 புதிய வண்டிகள் சமோவாவுக்குக் கப்பலில் வந்தன. ஓட்டுநர்கள் அங்கே போய்த்தான் அவற்றை முதன்முதலாகப் பார்த்தார்கள். மொத்தம் 125. முதல் மூன்று அலைகளுக்கு 87 வண்டிகள் போதும்; நாலாம் அலையிலிருந்து ஹிக்கின்ஸ் படகு. படை முழுவதையும் ஏற்ற வண்டி இல்லை.

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு முதல் ஆம்டிராக் கரையைத் தொட்டது. அதுவரை திட்டம் பலித்தது என்றே சொல்லலாம். தண்ணீரில் வந்த பெட்டிகள் திண்ணையில் முட்டியதும் நிற்காமல், சங்கிலிப் பட்டைகள் பவளத்தைக் கவ்வ, மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, நீர் வழிய நடந்து வருவதை ஜப்பானியர் எதிர்பார்த்திருக்கவில்லை. முதல் மூன்று அலைகளில் ஏறக்குறைய 1,500 பேர் கரையேறினார்கள். ஏறியவர்களில் பலரால் தென்னந்தடிச் சுவரைத் தாண்டி ஓரடி நகர முடியவில்லை. பக்கச் சுவரில் ஏறிக் குதிக்கும்போதே பலர் சுடப்பட்டார்கள்.

அதன்பின் படகுகள் வந்தன. திண்ணை ஓரத்தில் ஒவ்வொன்றாகத் தட்டி நின்றன. ஹாலண்ட் சொன்னது நடந்தது. முன்கதவு இறங்க, முழு மூட்டையோடு ஆட்கள் தண்ணீரில் இறங்கினார்கள். சிலர் பள்ளத்தில் கால்வைத்து அப்படியே மூழ்கினார்கள். மற்றவர்கள் இடுப்பளவு, நெஞ்சளவு நீரில் துப்பாக்கியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். நீரில் ஓட முடியாது, படுக்க முடியாது, ஒளியவும் எதுவும் இல்லை. கரையில் தாக்குதலை நடத்த வேண்டிய கர்னல் டேவிட் ஷூப்பின் படகும் திண்ணையில் நின்றது. காயம்பட்டவர்களை ஏற்றித் திரும்பி வந்த ஒரு ஆம்டிராக்கை நிறுத்தி அதில் ஏறிக்கொண்டார். தப்பிப் பிழைத்த வண்டிகள் திண்ணைக்கும் கரைக்கும் இடையே போய்வந்துகொண்டே இருந்தன. குண்டு துளைத்த வண்டிகளில் பாறைமேல் நிற்கும்வரை சேதம் தெரியவில்லை. ஆழத்துக்குத் திரும்பியதும் அவை தண்ணீர் ஏறி முழுகின. முதலைப் படைப்பிரிவின் தலைவர் மேஜர் ஹென்றி ட்ரூஸ் முதல் நாளே இறந்தார். 125 வண்டிகளில் சுமார் 90 திரும்பவில்லை.

மூன்று நாள்களில் எல்லாம் முடிந்தது. அமெரிக்கர் ஆயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். ஜப்பானியர் தரப்பில் உயிரோடு பிடிபட்டவர்கள் 146 பேர். அவர்களில் 129 பேர் கொரியக் கூலிகள். பிணங்கள் மிதக்கும் படங்களைப் பார்த்து அமெரிக்காவில் பெரும் கூச்சல் எழுந்தது. ஒரு பொட்டுத் தீவுக்கு இவ்வளவா என்று கேட்டார்கள். ஜப்பானியர் கடுமையாகப் போரிட்டதால் என்று ஒரு பதில் உண்டு, அது பொய்யில்லை. ஆனால் நீரில் நடந்து செத்தவர்களைப் பொறுத்தவரை, நாலாம் அலைக்கும் ஐந்தாம் அலைக்கும் வண்டி இல்லாததும், அஷ்டமியில் நாள் குறித்ததும்தான் காரணம் என்பேன்.

கடற்படை பாடத்தை வேகமாகப் படித்தது. நீரடியில் நீந்திப் பாறையை அளக்கவும் வெடிவைக்கவும் தனிக்குழுக்கள் அடுத்த மாதமே ஹவாயில் உருவாயின. மரியானாவின் சைபன் தீவில் அந்த நீச்சல்காரர்கள் உடம்பில் அடிக்கு ஒரு கறுப்புக்கோடு வரைந்துகொண்டு இறங்கினார்கள். நின்ற இடத்தில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். வண்டியும் மாறியது. எஞ்சினை முன்னுக்குத் தள்ளிப் பின்னால் இறங்குகதவு வைத்த நாலாவது மாதிரி வந்தது. அதில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். பீரங்கி பொருத்திய கவச வகையும் சேர்ந்துகொண்டது.

1944 ஜனவரி கடைசியில் மார்ஷல் தீவுகளின் குவாஜலீனைப் பிடித்தபோது அமெரிக்கர் தரப்பில் செத்தவர்கள் 400-க்கும் குறைவு. டாரவாவைவிடப் பல மடங்கு பெரிய வட்டத்தீவு அது. ஜூன் 15 அன்று சைபனில், திண்ணையைத் தாண்டி முதல் இருபது நிமிடத்தில் 8,000 மரீன்கள் கரையேறினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட ஆம்டிராக்குகள் அதற்காக வேலைசெய்தன. ஒரு மாதம் கழித்து டோக்கியோவில் டோஜோ பிரதமர் பதவியிலிருந்து விலகினார். சைபனிலிருந்து ஜப்பான் சுமார் 2,300 கிலோமீட்டர். அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானம் போய்வரக்கூடிய தொலைவு. ஜப்பானியத் தலைவர்களுக்கும் வரைபடம் படிக்கத் தெரியும்.

சைபனுக்கு அடுத்தாற்போல், கண்ணுக்கெட்டும் தொலைவில் டினியன். அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மரியானா தீவுகளிலேயே தட்டையானது. ஜப்பானியர் அதில் பெரும்பகுதியைக் கரும்புத் தோட்டமாக்கியிருந்தார்கள். ஓடுதளத்துக்கு அதைவிடப் பொருத்தமான தரை கிடையாது. சிக்கல், தீவைச் சுற்றிப் பவளச் சுண்ணாம்புச் செங்குத்து. நல்ல கடற்கரை தெற்கே ஊருக்கு எதிரில் இருந்தது. ஜப்பானியர் அங்கேதான் காத்திருந்தார்கள். வடமேற்கில் இரண்டு சின்னக் கீறல்கள். ஒன்றின் அகலம் ஐம்பத்தைந்து மீட்டர், இன்னொன்று நூற்றைம்பதுக்குக் கிட்டே. ஒரு டிவிஷன் இறங்குமளவுக்கு அது இடமே இல்லை என்று யாரும் நினைப்பார்கள். அதனால்தான் அங்கே இறங்க முடிவானது.

கடற்படைக் கட்டுமானப் பிரிவின் கேப்டன் பால் ஹாலோரன் ஒரு வேலை செய்தார். சைபனில் குண்டுபட்டு நொறுங்கிய சர்க்கரை ஆலையிலிருந்து எஃகு உத்திரங்களையும் மரக்கட்டைகளையும் எடுத்துவந்து, ஆம்டிராக்கின் மேல் மடங்கும் ஒரு சாய்தளம் கட்டினார். வண்டி செங்குத்தில் போய் முட்டும். உத்திரங்களின் முனை பாறை விளிம்பில் கவ்வும். வண்டி பின்வாங்கும்போது கட்டைகள் சரிந்து விழுந்து பாதையாகிவிடும். பிறகு அதே வண்டி அந்தப் பாதையில் ஏறி மேலே போகும், பின்னால் மற்றவை ஏறும். இப்படிப் பத்து வண்டிகள் தயாராயின. கரும்பை நம்பி வளர்ந்த தீவின் சுவரை ஏறச் சர்க்கரை ஆலையின் உத்திரம் உதவியது. ஜூலை 24 அன்று தெற்கே பொய்யாகப் படகுகளைக் காட்டிவிட்டு, அந்தக் கீறல்களின் வழியே ஒரே நாளில் 15,000 பேரை ஏற்றிவிட்டார்கள். தீவு ஒன்பது நாளில் விழுந்தது. அங்கே நான்கு ஓடுதளங்களுடன் எழுந்த வடக்குத் தளம் அன்றைய உலகின் மிகப் பெரிய விமான நிலையங்களில் ஒன்று. தீவின் உருவம் நியூயார்க்கின் மன்ஹாட்டனைப் போல் இருக்கிறது என்று சாலைகளுக்குப் பிராட்வே, எட்டாவது அவென்யூ என்றெல்லாம் பெயர் வைத்தார்கள்.

பவளத்திண்ணை காவல் காக்காது என்பது தெளிவானதும் ஜப்பானியர் திண்ணையைக் கைவிட்டார்கள். 1944 செப்டம்பரில் பெலிலியுவில் கரையைவிட உள்நாட்டுச் சுண்ணாம்புக் குகைகளையே நம்பினார்கள். ஆம்டிராக் குகைக்குள் போகாது. சில நாளில் முடியும் என்று சொன்ன சண்டை இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. கருவி நீரின் தடையை உடைத்ததும் எதிரி மலையின் தடைக்குள் புகுந்துகொண்டான்.

1945 பிப்ரவரியில் இவோ ஜிமாவில் பவளமே இல்லை. இருபத்தோரு சதுர கிலோமீட்டர் எரிமலைச் சாம்பல். கரையிலிருந்து பதினைந்தடிவரை உயரும் கறுப்பு மண்மேடு. பாறையைக் கவ்வியே பழகிய சங்கிலிப் பட்டைகளுக்கு அந்தச் சாம்பலில் பிடி கிடைக்கவில்லை. முன்னே போன கவச ஆம்டிராக்குகள் மேட்டில் ஏற முடியாமல் பின்வாங்கி, கடலில் மிதந்தபடியே சுட்டன. சிப்பாய்கள் கணுக்கால் புதைய நடந்து ஏறினார்கள். ஏப்ரலில் ஓகினாவாவில் மறுபடி பவளத்திண்ணை. ஆனால் சுட ஆளில்லை. முதல் நாளே சுமார் 60,000 பேர் இறங்கிவிட்டார்கள். சண்டை குகைகளில் மூன்று மாதம் நடந்தது.

இதற்கிடையே சில முதலைகள் ஐரோப்பாவுக்கும் போயின. 1944 அக்டோபரில் நெதர்லாந்தின் வால்கெரன் தீவில் ஜெர்மானியரை நெருக்க, பிரிட்டிஷ் விமானங்கள் கடல் அணைகளை உடைத்துத் தீவையே வெள்ளத்தில் விட்டன. அந்த வெள்ளத்தில் சிப்பாய்களை ஏற்றிப் போனவை இதே வண்டிகள். அங்கே அவற்றின் பெயர் 'பஃபலோ'. வெள்ளத்தில் மக்களைக் காப்பாற்றப் பிறந்த வண்டி, மனிதர்களே உண்டாக்கிய வெள்ளத்தில் ஓடியது. போர்க்காலத்தில் எல்லா வகையிலும் சேர்த்து 18,000-க்கும் மேற்பட்ட ஆம்டிராக்குகள் செய்யப்பட்டன. ரோப்ளிங் 1959-இல் காலமானார்.

டாரவா இன்று கிரிபாட்டி என்ற நாட்டின் தலைநகர்ப் பகுதி. பேசியோவில் ஆயிரக்கணக்கான மக்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். கடல் வற்றும்போது பாறைமேல் துருப்பிடித்த சங்கிலிகள் வெளியே தெரிகின்றன. பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறி விளையாடுகிறார்கள். யாருடைய தீவில் யார் சண்டை போட்டார்கள் என்று அந்த மக்களை எவரும் கேட்டதில்லை. குவாஜலீன் இன்றும் அமெரிக்க ஏவுகணைச் சோதனைத் தளம். எனிவெடாக்கில் 1948-க்கும் 1958-க்கும் இடையில் 43 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தார்கள்.

டினியனின் வடக்குத் தளத்திலிருந்து 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவுக்கும், மூன்று நாள் கழித்து நாகசாகிக்கும் விமானங்கள் கிளம்பின. போர் முடிந்ததும் தளத்தைக் கைவிட்டார்கள், காடு மூடியது. இப்போது மேற்குப் பசிபிக்கில் சீனாவோடு போர் வந்தால் என்ன செய்வது என்ற கணக்கில், அதே மூன்று கேள்விகளை மறுபடியும் கேட்கிறார்கள்: சமதரை உண்டா, துறைமுகம் உண்டா, எட்டும் தொலைவா. 2024-இல் அமெரிக்க விமானப்படை அந்தக் காட்டை வெட்டி, பழைய ஓடுதளங்களைத் திரும்பத் திறக்கும் வேலையைத் தொடங்கிவிட்டது.